ஓய்வு உத்தரவு

முப்பது கிலோமீட்டர் என்று கணவரிடம் சொல்லிவிட்டு, அவள் வாசலில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை, காலை மணி நாலே முக்கால்.

இன்று முப்பது அடிகூட ஓடக் கூடாது என்பது கோச்சின் உத்தரவு.

கோச் ஜோவிட்டா அவளைவிடப் பதினைந்து வயது இளையவர். பத்து நாட்களுக்கு முன் அவளுடைய முழங்காலுக்குக் கீழே, எலும்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அவள் போட்ட சத்தத்தில் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

இரண்டு வாரம் ஓட்டமே வேண்டாம் என்றார் ஜோவிட்டா. காலைத் தூக்கி வைத்துப் படுக்க வேண்டும். தூங்க வேண்டும். இல்லையென்றால் எலும்பில் விரிசல் விழும், டிசம்பர் மாரத்தானை ஓரமாக நின்று கைதட்டித்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

நாற்பத்தேழு வயதில் அவளுக்கு அது முதல் மாரத்தான். பதினோரு மாதமாக அதற்காக ஓடுகிறாள்.

அதனால் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே ஓய்வெடுத்தாள்.

எடுக்கப் பார்த்தாள்.

அவள் வீட்டில்தான் இருக்கிறாள் என்ற செய்தி ஏழு மணிக்குள் பரவிவிட்டது. கணவர் மயில்சாமி, அப்படியானால் பரணைச் சுத்தம் செய்துவிடலாம் என்றார். மகன் நவநீதனுக்குத் திடீரென்று ஆப்பம் ஞாபகம் வந்தது. பொள்ளாச்சியிலிருந்து நாத்தனார், ஞாயிற்றுக்கிழமை அண்ணி வீட்டில் இருப்பதே அதிசயம் என்று குடும்பத்தோடு மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டாள்.

காலைத் தூக்கி வைக்க அவளுக்கு ஒரே ஒரு தடவை வாய்த்தது.

பரணுக்காக ஸ்டூலில் ஏறியபோது.

சாயங்காலம் கையிலிருந்த வாட்ச் அதிர்ந்து, இருபத்தோராயிரம் அடிகள் நடந்ததற்கு வாழ்த்துச் சொன்னது. கால் வீங்கியிருந்தது. கோச்சுக்குப் போட்டோ அனுப்பினாள். ஓய்வெடுக்கத்தானே சொன்னேன், எங்கே போய் ஓடினீர்கள் என்று பதில் வந்தது.

வியாழக்கிழமை தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

முப்பது கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்தவளை இந்த வீட்டில் யாரும் தேங்காய் துருவச் சொன்னதில்லை. அப்படிப்பட்ட நாட்களில் மயில்சாமியே இட்லி ஊற்றுவார். நவநீதன் டிவி சத்தத்தைக் குறைப்பான். அம்மாவை எழுப்பாதீர்கள் என்று போனில் வருகிறவர்களிடம் கிசுகிசுப்பான்.

வழக்கமாக மைதானத்துக்குப் போகிற ஸ்கூட்டர் இன்று எதிர்ப்பக்கம் திரும்பியது.

ஊரின் அடுத்த கோடியில் ஒரு பூங்கா. தெரிந்தவர் யாரும் வராத இடம். புங்கமரத்தடி பெஞ்சில் படுத்து, இரண்டு கால்களையும் கைப்பிடி மேல் தூக்கி வைத்தாள். எதையோ திருடப் போகிறவளைப் போலச் சுற்றுமுற்றும் பார்த்தாள். முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டாள்.

எப்போது தூங்கினாள் என்று தெரியாது.

விழித்தபோது வெயில் வந்திருந்தது. நடக்க வந்தவர்கள் அவளைச் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள். காலை மெல்ல அசைத்துப் பார்த்தாள். வலி குறைந்திருந்தது.

பக்கத்து பெஞ்சில் இன்னொரு பெண் படுத்திருந்தாள். இவள் வயதுதான் இருக்கும். ஏதோ ஓட்டப்பந்தயத்தில் கொடுத்த டீ-ஷர்ட். ஓடுகிறவர்கள் போடும் ஷூ. முகத்தில் தொப்பி.

உடம்பில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.

தொப்பிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

“உங்களுக்கு இன்னைக்கு எத்தனை கிலோமீட்டருங்க?”

அவள் துண்டை மடித்துக்கொண்டாள்.

“முப்பதுங்க.”

“குடுத்து வெச்சவங்க. எனக்குப் பத்துதான்.”

அந்தப் பெண் பெருமூச்சு விட்டு எழுந்து உட்கார்ந்தாள். இதற்கு மேல் போனால் வீட்டில் தேட ஆரம்பித்துவிடுவார்களாம். பாட்டில் தண்ணீரை நெற்றியிலும் கழுத்திலும் தெளித்துக்கொண்டாள். முதுகுக்குக் கை எட்டவில்லை. பாட்டிலை இவளிடம் நீட்டிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தாள்.

இவள் எழுந்துபோய், டீ-ஷர்ட்டின் முதுகை நன்றாக நனைத்துவிட்டாள்.

“போதும், போதுங்க. பத்து கிலோமீட்டருக்கு இவ்வளவு வேர்க்காது.”