லைட் பார்க்க உட்கார்ந்தவள்

கம்பளை டவுனில், மாடி ஸ்டூடியோவில், ஸ்டூலுக்கு முன்னால் தவராஜ் நிற்கிறான். யாருக்குப் படம் எடுப்பதென்றாலும் முதலில் மனைவி செல்வியைத்தான் அதில் உட்காரவைத்து லைட் பார்ப்பான். கண் மூடியபடி, வாயில் ஹேர்பின்னோடு, யாரையோ ஏசிக்கொண்டு என்று அவளுடைய படங்கள் கொம்பியூட்டர் நிறையக் கிடக்கின்றன. அவளுக்கென்று எடுத்தது பாஸ்போர்ட் படம் ஒன்றுதான். அதிலும் சிரிக்காதே என்று அவனே சொன்னான்.

இப்போது அவள் குவைத்தில், வேலை செய்கிற வீட்டுச் சமையலறையிலிருந்து வீடியோ கோலில் இருக்கிறாள். ஸ்டூலின் மேல் பழைய அல்பங்களை அடுக்கி, அவள் முகம் இருந்த உயரத்தில் போனை நிறுத்துகிறான். குடை லைட் இரண்டும் எரிகின்றன. கமராவில் கண்ணை வைத்தால் போன் கண்ணாடியில் வெள்ளைக் குடைகள்தான் தெரிகின்றன, அவளைக் காணோம். ஒன்றை அணைக்கிறான். பாதி முகம் வருகிறது. மற்றதையும் அணைத்து, மழை வெளிச்சம் வராமல் ஜன்னல் திரையையும் இழுத்துவிடுகிறான். கீழே நாவலப்பிட்டி பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துப் போகிறது. இருட்டுக்குள், குவைத் சமையலறை ஜன்னல் வெயிலில், அவள் முகம் மட்டும் ஸ்டூலுக்கு மேலே நிற்கிறது.

"கொஞ்சம் அங்க ஜன்னல் பக்கம் திரும்பு, செல்வி."

பழகின கழுத்து, சொன்னதும் திரும்புகிறது. "லைட் பாக்குறீங்களா? யாருங்க வந்திருக்காங்க, பொண்ணு மாப்பிள்ளையா?"

"யாரும் வரல. உன்னையத்தான் எடுக்கப் போறேன்."

அவள் நெற்றியில் ஒட்டிய மயிரை ஒதுக்குகிறாள். முந்தானை இல்லாத தோளைத் தடவிப் பார்க்கிறாள்.

"அப்ப சிரிக்கலாமாங்க?"