வளையாத கழுத்து

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கிட்டாரின் தலைப்பக்கத்திலிருந்து அதன் கழுத்து நெடுகப் பார்த்தாள்.

நூல் பிடித்தது போல நேராக இருந்தது.

அதைக் கொடுத்தவர் பக்கத்தில் நின்று காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். அவள் மாடியேறிக் கடைக்குள் வந்தபோதே அந்தப் பழுப்பு எலெக்ட்ரிக் கிட்டார் அவர் மடியில் இருந்தது. அவள் ஒரு சிவப்புக் கிட்டாரை எடுத்துக் கொஞ்சம் வாசித்துப் பார்த்ததைக் கேட்டுவிட்டுத்தான் எழுந்து வந்து நீட்டினார்.

“நீங்க நல்லா வாசிக்கீங்க தாயி. எனக்கு வாசிக்கத்தான் ஆசை, பாத்து வாங்கத் தெரியாது. இது நல்லதான்னு கொஞ்சம் சொல்லுங்களேன்.”

அவளால் வாங்க முடிந்த விலையில் அந்தக் கடையில் இரண்டே இரண்டுதான்.

சிவப்பு புதியது. ஆனால் கழுத்து தடிமன். மூன்று மணி நேரம் தாளம் விடாமல் அடிப்பவளுக்கு அதைப் பிடித்துப் பிடித்தே மணிக்கட்டு போய்விடும். பழுப்பு, யாரோ வாசித்து, விற்றுவிட்டுப் போனது. ஒல்லிக் கழுத்து. கம்பிகள் தொட்டாலே பேசின.

வெள்ளிக்கிழமை ஒரு கல்யாண வரவேற்பில் கச்சேரி. இனியும் இரவல் கிட்டாரோடு வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று குழுவில் சொல்லிவிட்டார்கள்.

காலையில் விளக்கேற்றும்போது இதைத்தான் கேட்டிருந்தாள். என் கைக்குத் தோதாக ஒன்று.

கேட்டபடியே வந்திருந்தது.

இன்னொருவர் கைக்கு.

“கழுத்து வளைஞ்சிருக்கு அண்ணாச்சி. சுருதி நிக்காது.”

தன் குரல் இவ்வளவு இயல்பாக வரும் என்று அவளுக்கே தெரியாது.

அவர் திருப்பி ஒரு கேள்வி கேட்கவில்லை. வாங்கி அவரும் ஒருமுறை பார்க்கவில்லை.

“நல்லவேளை. நீங்க மட்டும் இல்லன்னா கடக்காரரு இத என் தலையில கட்டிருப்பாரு.”

பழுப்பை அவளிடமே விட்டுவிட்டுச் சிவப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அப்போதுதான் அவருடைய இடது கையைப் பார்த்தாள்.

மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கவில்லை. மற்ற விரல்களை வைத்துக்கொண்டு அந்தத் தடித்த கழுத்தைச் சுற்றிப் பிடிக்கப் பார்த்தார். எட்டவில்லை. கையைத் திருப்பி வைத்தார். அப்போதும் எட்டவில்லை. ஒரு கம்பி மட்டும் செத்த சத்தம் போட்டது.

அவள் பார்ப்பதைக் கவனித்துவிட்டுச் சிரித்தார்.

“மில்லுல அடிபட்டது. சாதாக் கிட்டார அமுக்க முடியல. எலெக்ட்ரிக்னா லேசாத் தொட்டாப் போதும்னாங்க. இதுவும் பழகிரும்.”

பழகாது. அவளுக்குத் தெரியும்.

சொல்லிவிடலாம். இப்போதே சொல்லிவிடலாம்.

வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது. கிட்டாரை மடியில் இன்னும் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

கடைக்காரர் ஞானராஜ் போனில் பேசி முடித்துவிட்டு வந்து சிவப்புக்குப் பில் போட்டார். பணத்தைக் கொடுத்துவிட்டு அவரிடம் அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். அவளுக்குக் கேட்கக்கூடாதென்று. ஆனால் அவளுக்காகத்தான்.

“அந்தப் பிள்ளைக்கு அத வித்துராதீரும் வேய். கழுத்து வளைஞ்சிருக்காம்லா. பாவம், நல்லா வாசிக்குத பிள்ளை.”

“வளைஞ்சிருக்கா?” ஞானராஜ் நிமிர்ந்தார். “போன வாரம்தான ஸ்கேல் வச்சுப் பாத்தேன். யாரு சொன்னது?”

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

“நான்... சரியாப் பாக்கல அண்ணாச்சி. நேராத்தான் இருக்கு.”

அவ்வளவுதான் வந்தது.

கடைக்காரர் பேனாவை மூடி வைத்தார். அவளை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார்.

“அப்ப மாத்திக்கிடுதீங்களா அண்ணாச்சி?”

மாற்றிக்கொள்ளட்டும், என்று நினைத்தாள். மனசாரத்தான் நினைத்தாள். கிட்டார் போனால் போகட்டும். அவர் பழுப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும். பொய் சொன்னதை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

அவர் பழுப்பைப் பார்த்தார். பிறகு, அதைப் பிடித்திருந்த அவளுடைய சின்னக் கையைப் பார்த்தார்.

“வேண்டாம், வேண்டாம். அது அந்தப் பிள்ளைக்கே இருக்கட்டும். அந்த வேகத்துக்கு அதுதான் தோது. நான் வீட்டுல உக்காந்து மெதுவாத் தட்டுத ஆளு. எனக்கு என்ன அவசரம்?”

“இல்ல அண்ணாச்சி, நீங்க...”

“அட, இதுக்குப் போயி ஏன் தாயி முகம் வாடுது? கண்ணுதான? எல்லாருக்கும்தான் தப்பும்.”

அவளுடைய கண்ணை அவர் மன்னித்துவிட்டார்.

கண் எந்தத் தப்பும் செய்திருக்கவில்லை.

சிவப்பை உறைக்குள் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, நல்லா வாசிங்க என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார்.

கடைக்காரர் பழுப்புக்குப் பில் எழுதத் தொடங்கினார்.

படிக்கட்டு குறுகல். புதுக் கிட்டார் சுவரில் இடித்துவிடாமல் ஒவ்வொரு படியாக, நின்று நின்று அவர் இறங்கும் சத்தம் கேட்டது.

இன்னும் பாதிப் படிகூட ஆகவில்லை. கூப்பிட்டால் கேட்கும்.