ஐந்தாவது கை

பசை காய்வதற்குள் அந்தக் கையைப் பிய்த்தாக வேண்டும். மெட்டில்டா பலகைக்கும் துணிக்கும் நடுவே கத்தியைச் செருகினாள்.

குழந்தைகள் வார்டுச் சுவருக்காக அவள் செய்த நட்சத்திர மீன் அது. பழைய சேலை, வலைத் துண்டு, சிப்பி, பொத்தான் என்று நான்கு கைகள். ஐந்தாவது கைக்கான இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள். கை கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் அங்கே ஒரு நீலச் சட்டையைச் சுருட்டி ஒட்டியிருந்தார்கள்.

“யாரு சிஸ்டர் இதை ஒட்டச் சொன்னா?”

“நான்தான்க்கா ஒட்டுனேன்,” என்றாள் நர்ஸ் பிரேமகலா. “நொண்டி மீனுன்னு புள்ளைங்க சிரிக்குதுங்க. உங்க பையில இந்தத் துணி கெடந்துது. இதுக்குப் போய்க் கத்தியத் தூக்குறீங்களே! வெட்டுப்பட்ட கை மறுபடி முளைக்கும்னு அதுங்ககிட்ட கதை சொன்னது நீங்கதானே?”

பாதி பிரிந்த துணியில் கத்தி நின்றது.

கைப்பேசி அடித்தது. கொழுந்தன். “மைனி, எங்க இருக்கீங்க? ஃபாதர் வந்தாச்சு. எல்லாரும் உங்களுக்காகத்தான் நிக்கிறோம்.”

அவள் கைப்பேசியை அணைத்தாள். பிரிந்த ஓரத்தில் புதிதாகப் பசை தடவி, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள்.

“நீங்க போங்க சிஸ்டர். காயிற வரைக்கும் நான் பிடிச்சுக்கிறேன்.”

கல்லறைத் தோட்டத்தில் சவப்பெட்டி திறந்தே கிடந்தது. கடலுக்குப் போன அவள் கணவன் செலஸ்டினின் உடல் கிடைக்கவில்லை. அவனுக்குப் பதிலாக அன்று புதைக்க இருந்தது அந்தச் சட்டையைத்தான்.