டேங்குக்கு அடியில் ஒரு குழாய்

ஊரே தண்ணீரில் மிதக்கிறது, இவனுக்கு வண்டிக்கு இன்னொரு டேங்க் கேட்கிறதாம்!

மன்னார்குடியில் மெக்கானிக் வேம்புவின் பட்டறை வாசலில், கையில் காலிக் கேனோடு நின்ற ராஜம்மாளுக்கு வயிறு எரிந்தது. உள்ளே வண்டிப் பக்கத்தில் குந்தியிருந்தவன் சதீஷ். அவளுடைய பக்கத்து வயல்காரர் துரைராசு அண்ணனின் மகன்.

துபாயிலிருந்து லீவில் வந்தவன், காடு மேடெல்லாம் ஏறுகிற உசரமான பைக் ஒன்று வாங்கியிருந்தான். அதன் பின்பக்கத்தில்தான் பத்து லிட்டர் பிடிக்கிற கூடுதல் பெட்ரோல் டேங்கை வேம்பு மாட்டிக்கொண்டிருந்தார். பையன் லடாக் போகப் போகிறான் என்று ஊரில் பேச்சு.

போகட்டும், யார் வேண்டாமென்றது? ஆனால் அதற்கு இன்றைக்குத்தானா நாள் கிடைத்தது?

மூன்று நாளாக விடாத மழை. நட்டு இருபது நாளான சம்பாப் பயிர் மூழ்கிக் கிடக்கிறது. ராஜம்மாள் குத்தகைக்குப் பிடித்த அஞ்சு மா நிலமும் அதில் அடக்கம். சாயங்காலத்துக்குள் தண்ணீரை இறைத்து வெளியே தள்ளாவிட்டால் அத்தனையும் அழுகிவிடும்.

கரண்ட் இல்லை. பெட்ரோல் எஞ்சின் இருக்கிறது, பெட்ரோல் இல்லை. பாலத்துக்கிட்டே ரோடு அறுத்துக்கொண்டு போய்விட்டதால், முழங்கால் தண்ணீரில் நடந்து பஸ் பிடித்து வந்தால், பங்கில் கேனுக்குத் தரமாட்டார்களாம். வண்டி டேங்கில்தான் ஊற்றுவார்களாம். கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டும் பார்த்தாள். மசியவில்லை.

"இதுக்கு அடியில எதுக்குத் தம்பி குழாய்? தண்ணிப்பந்தலா வைக்கப்போற?" என்று வேம்பு சலித்துக்கொண்டார்.

சதீஷ் விடவில்லை. குழாய் கட்டாயம் வேண்டும் என்றான். டேங்கைத் தாங்குகிற கம்பியைக் கழற்றி மறுபடி வெல்டு வைக்கச் சொன்னான். காற்றடித்து, சோப்பு நுரை தடவி, எங்காவது கசிகிறதா என்று மூன்று தரம் பார்த்தான்.

இந்த அக்கறையில் பத்தில் ஒரு பங்கு அப்பன் வயல் மேல் இருக்கக்கூடாதா என்று நினைத்தாள் ராஜம்மாள்.

நினைத்த வேகத்தில் நெஞ்சு பக்கென்றது. அவன் அப்பன் வயலில் இன்றைக்குக் கூடுதலாக ஒரு சாண் தண்ணீர் ஏறினது யாரால்? பொழுது விடிந்ததும் நடுவரப்பை மண்வெட்டியால் வெட்டி, தன் தண்ணீரை அங்கே தள்ளிவிட்டவள் அவள்தானே! அப்படியும் அவள் பயிர் தலை காட்டவில்லை என்பது வேறு விஷயம்.

பின்னே என்ன செய்வாள்? அவர்களுக்கு வெளிநாட்டுச் சம்பளம் வருகிறது. ஒரு போகம் போனால் பட்டினியா கிடப்பார்கள்? தலைக்கு மேல் போன வெள்ளம், சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன? இப்படி மனசைத் தேற்றிக்கொண்டுதான் பஸ் ஏறியிருந்தாள்.

சதீஷ் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கேனையும் பார்த்தான். "அத்தை, ஒரு பத்து நிமிஷம் இருங்க..." என்று ஆரம்பித்தான்.

"நான் எதுக்குப்பா இருக்கணும்? நீ நல்லபடியா ஊரைச் சுத்திட்டு வா. இங்க பயிர் அழுகுற நாத்தம் லடாக் வரைக்கும் வராது."

முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். பஸ்ஸில் கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் அவன் டேங்க் கதையைச் சொல்லித் தீர்த்தாள்.

எஞ்சின் ஓடாவிட்டால் என்ன, கை இருக்கிறது. ஊருக்கு வந்ததும் ஒரு வாய் காப்பித்தண்ணிகூடக் குடிக்காமல், வாளியைத் தூக்கிக்கொண்டு நேரே வயலுக்குப் போனாள். கை கழன்று விழுந்தாலும் சரி, இறைத்தே தீருவது என்று இறங்கப் போனவள், அப்படியே நின்றுவிட்டாள்.

அவள் வெட்டின இடம் அடைபட்டிருந்தது. வைக்கோலும் களிமண்ணும் வைத்து, மிதித்து, கெட்டியாக அடைத்திருந்தார்கள்.

ஆக, தெரிந்துவிட்டது. இனி துரைராசு அண்ணன் ஊரைக் கூட்டி நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்பார். கேட்கட்டும், பயிர் பிழைத்தால் போதும் என்று வாளியை முக்கினாள்.

இருபது வாளி இறைத்திருப்பாள். வாய்க்கால் கரையில் வண்டிச் சத்தம் கேட்டது. சீட்டு வரைக்கும் சேறாக சதீஷ் வந்து இறங்கினான். அவளுடைய எஞ்சின் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, பின்னாலிருந்த டேங்கின் அடிக்குழாயில் டியூப்பைச் சொருகித் திருகினான். எஞ்சினுக்குள் பெட்ரோல் இறங்கியது.

ராஜம்மாள் வாளியோடு பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஊரில் எட்டு எஞ்சின் சும்மா கிடக்கிறதாம். கேனுக்குத் தரமாட்டேன் என்கிறார்கள், அதனால் வண்டியிலேயே டேங்க் கட்டிவிட்டானாம். எத்தனை நடையானாலும் இன்றைக்குள் எட்டையும் ஓட வைத்துவிட்டுத்தான் மறுவேலை என்றான். லடாக் எங்கேயும் ஓடிப்போகாது என்று சிரித்தபடியே கயிற்றை இழுத்தான். எஞ்சின் பிடித்துக்கொண்டது. தண்ணீர் வடிகாலில் போய் விழுந்தது.

திருடனுக்குத் தேள் கொட்டின நிலைமை அவளுக்கு. கண் கலங்கிவிட்டது.

"முதல்ல உங்க வயல் எஞ்சினுக்கு ஊத்திட்டு வாப்பா" என்றாள்.

சதீஷ் டேங்க் குழாயை மூடி, வண்டியில் ஏறி உட்கார்ந்தான்.

"அடுத்தது எங்களுதுதான் அத்தை. வரப்பைக் காலையில நான்தான் அடைச்சேன். நண்டு வளை உடைஞ்சுடுச்சுன்னு அப்பாகிட்ட சொல்லியிருக்கேன். கேட்டா நீங்களும் அதையே சொல்லுங்க."