நெற்றியைக் காட்டு

லண்டனின் வடகிழக்கு ஓரத்தில், எப்பிங் காட்டை அடுத்த பண்ணையில், 1990 நவம்பரின் வெயில் பனிமூட்டத்துக்குள் கலங்கலாக இறங்குகிறது. சூடுபட்ட மான் ஈரச் சருகுகளின் மேல் கிடக்கிறது. காயத்திலிருந்து இன்னும் மெல்ல ஆவி எழுகிறது. மகள் தர்சினியையும் தங்கையின் மகன் குகதாசனையும் முதல் வேட்டைக்கென்று கூட்டி வந்திருக்கிறார் பரமலிங்கம். பண்ணை அவருடைய முதலாளி ஹாரிஸுடையது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஆறு மாதமான குகதாசன் ஒரே வெடியில் மானை விழுத்திவிட்டான். ஹாரிஸ் அவன் முதுகில் தட்டிக்கொடுக்கிறார். பிறகு குனிந்து, மானின் காயத்தில் இரண்டு விரல்களைத் தோய்த்து அவன் நெற்றியை நோக்கி நீட்டுகிறார். குகதாசன் பின்வாங்குகிறான்.

"முதல் மான் சுட்டவனுக்குப் பூசிவிடுறது இவையின்ர வழக்கம். நெத்தியைக் காட்டு," என்கிறார் பரமலிங்கம்.

"ஏலாது மாமா. ஷெல் விழுந்த அண்டைக்கு அண்ணையைத் தூக்கேக்கை என்ர முகமெல்லாம் இப்பிடித்தான் ரத்தமாக் கிடந்தது."

"அப்பா, பிளீஸ், அவரை விடுங்கோ," என்கிறாள் தர்சினி.

ஹாரிஸுக்குத் தமிழ் விளங்கவில்லை. நீட்டிய விரல்களோடு, புன்னகை மாறாமல் காத்து நிற்கிறார். பரமலிங்கம் மருமகனின் பிடரியில் கைவைத்துத் தலையை முன்னே தள்ளுகிறார். இளஞ்சூடான இரத்தம் நெற்றியிலிருந்து புருவத்துக்கு வழிகிறது. தர்சினி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பரமலிங்கம் கழுத்தில் தொங்கும் கமராவை எடுத்துக் கண்ணில் வைக்கிறார்.

"ஒருக்காச் சிரி தம்பி," என்கிறார். "அவர் பாத்துக்கொண்டு நிக்கிறார்."