கம்பத்தில் பச்சை

வயலோரக் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்ததும் பூங்கொடி களைக்கொத்தைப் போட்டுவிட்டு வரப்பில் ஓடினாள். மண்ணில் விஷம் கலந்தால் எரியும் விளக்கு அது. இயற்கை விவசாயத்தை வாழவைக்க நகரத்துப் பங்குதாரர்கள் வாங்கிக் குத்தகைக்கு விட்டிருக்கும் நிலம். அறுவடைக்குள் பச்சை எரியாவிட்டால் வேறு குடும்பத்தைக் குடிவைப்பார்கள். பூங்கொடிக்கும் அவள் கணவனுக்கும் வேறு போக்கிடம் கிடையாது.

"யூரியாவத் தொட்டே வருசக்கணக்காச்சு அம்மிணி," என்று ஆய்வுக்கு வந்த பெண்ணிடம் கெஞ்சினாள்.

அந்தப் பெண் மண்ணைச் சோதித்துவிட்டுத் தயங்கினாள். "இது உரமில்லீங்க அக்கா. புத்துநோய் மாத்திரை. வீட்ல யாராச்சும் சாப்புடறாங்களா?"

பூங்கொடியின் கணவன் யுவராஜ் தலைகுனிந்தான். விவசாயி வயலிலேயே குடியிருக்க வேண்டும், வீட்டுக் கக்கூஸ் குழி வரை எல்லாம் எருவாகி அந்த மண்ணுக்கே திரும்ப வேண்டும் என்பது ஒப்பந்தம். அவன் விழுங்கிய மாத்திரையும் அப்படித்தான் திரும்பியிருந்தது.

அந்தப் பெண் போனதும், "நெலம் போனாப் போய்ட்டுப் போகுது. நீங்க மாத்திரைய உட்டுறாதீங்க," என்றாள் பூங்கொடி.

"செரி புள்ள."

அன்று முதல் சாப்பாட்டுக்குப் பின் தன் கையாலேயே மாத்திரையை அவன் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, காலாற நடந்து வருவதாகச் சொல்லிக் கிளம்புவான். நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே போனான். நோயின் கடுமை என்று நினைத்தாள்.

கதிர் முற்றிய ஒரு காலையில் கம்பத்தில் பச்சை எரிந்தது. பங்குதாரர்களின் வாழ்த்துகள் போனில் வந்து குவிந்தன. பூங்கொடி விளக்கையே பார்த்தபடி நின்றாள். பிறகு உள்ளே ஓடி, எலும்பாய்க் கிடந்தவனின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அத்தனையும் எங்க துப்புனீங்க?"

"பயப்படாத புள்ள," என்றான் யுவராஜ். "ரோட்டத் தாண்டித்தான் துப்புனேன். நம்ம மண்ணுல ஒண்ணுகூட விழுகல."