மாத்திரை போடாத மாப்பிள்ளை

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா தம்பி?"

ரத்தம் எடுக்கும் அம்மா ஊசியைப் பிரிக்காமலே கேட்டார்.

"இல்லைங்க" என்றான் லிஃப்ட் மெக்கானிக். பக்கத்து நாற்காலியில் அவனுடைய வருங்கால மாமனார் உட்கார்ந்திருந்தார். வேறு என்ன சொல்ல முடியும்?

கல்யாணத்துக்கு இருபது நாள்தான் இருந்தது. வேலை செய்யும் இடத்தில் வருடாவருடம் நடக்கும் உடல் பரிசோதனையில் தைராய்டு ஹார்மோன் எக்கச்சக்கமாக ஏறியிருப்பதாக வந்துவிட்டது. இன்னொரு தடவை பார்ப்போம், அதிலும் இப்படியே இருந்தால் வைத்தியத்தைத் தொடங்கிவிட்டுக் கல்யாணத்தைத் தள்ளி வைப்பது நல்லது என்றார் டாக்டர். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

உண்மையில் இரண்டு மாதமாக அவன் ஒரு மாத்திரை விழுங்கிக்கொண்டுதான் இருந்தான். உச்சந்தலை முடி சீப்போடு வந்துகொண்டிருந்தது. கல்யாணப் புகைப்படத்துக்குள் நாலு முடியாவது முளைக்காதா என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை டப்பா ஒன்றை வாங்கி, தினம் இரண்டாகப் போட்டு வந்தான். ஆனால் நிச்சயம் பேசிய அன்று மாமா, "இந்தக் காலத்துல தலைக்கு எதையும் பூசாம, எதையும் முழுங்காம இருக்கீங்களே மாப்பிள்ளை" என்று மெச்ச, இவனும் ஆமாம் போட்டுவிட்டான். போட்ட ஆமாமைத் திரும்ப வாங்குவது எப்படி?

கை சில்லிட்டிருந்ததால் நரம்பு தட்டுப்படவில்லை. வெந்நீர்க் குழாயில் கையைக் காட்டிவிட்டு வரச் சொல்லி அனுப்பினார் அந்த அம்மா.

அவன் திரும்பி வந்தபோது, அந்த அம்மா பழைய ரிப்போர்ட்டுக்கு ஒரு நகல் வேண்டும் என்று மாமாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உள்ள வரும்போதே கேட்டிருக்கக் கூடாதாம்மா? இந்த முட்டியை வச்சுக்கிட்டு இன்னொரு தடவை படி இறங்கணுமா?" என்று முணுமுணுத்தபடியே மாமா கிளம்பினார். பள்ளிக்கூட வேன் ஓட்டி ஓட்டித் தேய்ந்த முட்டி.

கதவு சாத்திக்கொண்டதும் அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இப்ப நாம ரெண்டு பேர்தான். வைட்டமின், முடிக்கு, தோலுக்குன்னு எதுவானாலும் சொல்லுங்க. நான் சிரிக்க மாட்டேன்."

அவன் கதவை ஒரு தடவை பார்த்தான். பிறகு கொட்டித் தீர்த்துவிட்டான்.

"நல்லவேளை சொன்னீங்க தம்பி. அந்த பயோட்டின் எங்க மெஷினைக் குழப்பிடும். ஹார்மோன் சரியா இருந்தாலும் ஏறின மாதிரி காட்டும். உங்களுக்கு ஒண்ணுமே இல்லாமக்கூட இருக்கலாம்."

உடனே டாக்டருக்குப் போன் போட்டார். ஒரு வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டு வரட்டும் என்றார் டாக்டர். உங்கள் அப்பாவுக்கும் வழுக்கையா என்று விசாரித்தார் அந்த அம்மா. அவன் தலையாட்ட, அப்படியென்றால் அது பரம்பரையாக வரும் ஹார்மோன் வேலையாக இருக்கலாம், முட்டையும் பருப்பும் கீரையும் ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டு தோல் டாக்டரைப் பாருங்கள், டப்பாவை நம்பாதீர்கள் என்றார்.

மாமா வந்து சேர அரை மணி நேரம் ஆயிற்று. அடுத்த வாரம் வரச் சொன்னதற்கு ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டான் மாப்பிள்ளை.

அடுத்த வாரம் எல்லா அளவும் சரியாக வந்தது. மாமா வராந்தாவில் நின்று மகளுக்குப் போனில் சொன்னது மாடி முழுக்கக் கேட்டது. அந்த நேரம் பார்த்து அவன் உள்ளே போய்க் கை கூப்பினான்.

"கடவுள் மாதிரி வந்தீங்கம்மா. மாமாவை வெளிய அனுப்பிட்டுக் கேக்கணும்னு தோணுச்சே, அந்த மனசு யாருக்கு வரும்?"

அந்த அம்மா சிரித்தார்.

"எனக்கெங்க தோணுச்சு தம்பி? நீங்க வெந்நீர்ல கை காட்டப் போனப்ப, 'பையன் முடிக்கு ஏதோ மாத்திரை போடுறான், நான் இருந்தா வாயத் திறக்க மாட்டான், ஏதாவது சாக்குச் சொல்லி என்னை அரை மணி நேரம் வெளிய அனுப்புங்கம்மா'ன்னு கெஞ்சினதே உங்க மாமாதான்."